தூக்குவதற்கு இயந்திரம், பேசுவதற்கு?



பள்ளிகளுக்கிடையிலான பேச்சுப் போட்டிகளில் நடுவராக அமரும் வாய்ப்பு எனக்குப் பல ஆண்டுகளாகக் கிட்டி வருகிறது. 'இயந்திர மனிதன் நன்மையா தீமையா' என்னும் தலைப்பு அங்கே சுற்றிச் சுற்றி வரும். மேடையேறும் பிள்ளை எவராயினும் முடிவுரையில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார். இயந்திரம் எல்லாம் செய்யும், ஆனால் அன்பு காட்டுமா? பெற்றோரைப் பேணும் கடமையை இரும்பிடம் ஒப்படைக்கலாமா? அவையில் கைதட்டல் எழும். அந்த இடத்தில் நானும் கூடுதல் புள்ளி வழங்கியிருக்கிறேன். சொல்லப்போனால், எங்கள் பள்ளி மாணவர்களுக்கு அந்த முடிவுரையை எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

ஈராண்டுகளுக்கு முன் என் தாயாருக்குப் பக்கவாதம் வந்தது. அதன்பின் அந்த முடிவுரையை எவருக்கும் எழுதித் தரவில்லை. ஏன் என்று சொல்லவே இக்கட்டுரை.

தாயார் சுங்கை சிப்புட் வட்டாரத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறியபின் ஈப்போவில் எங்களோடு வந்து தங்கினார். பக்கவாதம் அவருடைய மூளையின் இடப்பக்கத்தைத் தாக்கியது. வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன, பேச்சும் போயிற்று. மருத்துவமனையிலிருந்து வீட்டிற்கு அழைத்து வந்த நாளிலிருந்து, படுக்கையிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து குளியலறைக்குமாக ஒரு நாளைக்கு ஆறேழு முறை அவரைத் தூக்கி இறக்க வேண்டியிருந்தது. தூக்கியவர் என் மனைவி. நான் பள்ளியில் இருந்தேன். மாலையில் வீடு திரும்பினால் கூடுதல் வகுப்புக் குறிப்புகள், அறிக்கைகள், நடுவர் பணி. நான் உதவ முன்வந்த நேரங்களிலும் தாயார் ஒப்பவில்லை. குளியலறை வாசலில் மகனின் கை பட்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். நாணம் என்பது பேச்சு போனபின்னும் போவதில்லை.

நான்காம் மாதம் மனைவிக்கு முதுகெலும்பில் வலி கண்டது. பாரம் தூக்கக்கூடாது என்றார் மருத்துவர். நண்பர் ஒருவர் வழியாக நோயாளியைத் தூக்கும் கருவி ஒன்று இரவலாகக் கிடைத்தது. இயந்திர மனிதன் என்று அதைச் சொல்ல முடியாது. லாரிப் பட்டறையில் பார்க்கும் ஜாக்கிக்குத் தங்கை முறை என்று சொல்லலாம்: ஒரு கம்பம், ஒரு துணித்தூளி, கையால் அடிக்கும் பம்பு, அவ்வளவே. முதல் நாள் தாயார் அஞ்சினார். இரண்டாம் வாரத்திலிருந்து, நாங்கள் தோள்கொடுக்கக் குனிந்தால், இடக்கையால் அந்தத் தூளியைத் தட்டிக் காட்டத் தொடங்கினார். எவரும் தம்மைக் கட்டிப்பிடித்துத் தூக்க வேண்டியதில்லை என்பது அவருக்கு எத்துணை பெரிய விடுதலையாக இருந்தது என்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன்.

'இயந்திரம் அன்பு காட்டுமா' என்று கேட்போரில் பெரும்பாலோர் தூக்காதவர்கள். நானும் அவர்களுள் ஒருவனாக இருந்தேன். நம் வீடுகளில் அன்பு என்று நாம் மேடையில் புகழ்வது, பெரும்பாலும் ஒரு மருமகளின் அல்லது மகளின் முதுகு. அந்த முதுகுக்குப் பதில் ஓர் இயந்திரம் வருமாயின் அதை நான் இருகை நீட்டி வரவேற்பேன்.

இனி, உண்மையான இயந்திரங்களைப் பார்ப்போம். அவற்றைக் காண நாம் சப்பான் வரை செல்ல வேண்டியதில்லை. சொக்சோ என்று நாம் வழக்கமாகச் சொல்லும் பெர்கேசோ நிறுவனம், நம் ஈப்போ மேரு ராயாவிலேயே நரம்பியல் சார்ந்த இயந்திர மறுவாழ்வு மையம் ஒன்றைக் கட்டியிருக்கிறது. இதற்கு முன்பே, 2014-இல் மலாக்காவில் திறக்கப்பட்ட துன் ரசாக் மறுவாழ்வு மையத்தில் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்திய பட்டறிவு அந்நிறுவனத்திற்கு உண்டு. மேரு ராயா மையத்தின் பெயரில் 'சைபர்னிக்ஸ்' என்றொரு சொல் வருகிறது. சப்பானின் சுக்குபா பல்கலைக்கழகப் பேராசிரியர் யோஷியுக்கி சங்காய் வழங்கிய சொல் அது. மனிதரையும் இயந்திரத்தையும் கணினித் தகவலையும் ஒன்றாய்ப் பிணைக்கும் துறை என்று பொருள். அவர் 2004-இல் தொடங்கிய சைபர்டைன் நிறுவனத்தின் 'ஹால்' என்னும் கருவி, இடுப்பிலும் காலிலும் அணிந்துகொள்ளும் சட்டம் போன்றது. நடக்க வேண்டும் என்று நாம் எண்ணும்போது மூளையிலிருந்து தசைக்குச் செல்லும் மிக நுண்ணிய மின்குறிப்பைத் தோலின்மீது ஒட்டிய உணரிகள் பிடிக்கின்றன. தசையால் அசைய முடியாவிட்டாலும் அந்தக் குறிப்பைக் கொண்டு மூட்டிலுள்ள மோட்டார் காலை அசைக்கிறது. எண்ணமும் அசைவும் ஒரே கணத்தில் சேர்வதால் மூளை மீண்டும் வழி கற்கிறது என்பதே இதன் அடிப்படை. 2015-இல் சப்பானிய அரசு, தசையும் நரம்பும் நலியும் எட்டு நோய்களுக்கு இதனை மருத்துவக் கருவியாக ஏற்றுக்கொண்டது.

என் மாணவன் ஒருவனின் தந்தை தொழிற்சாலை ஊழியர். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கினார். சொக்சோவின் வழியாக இயந்திரப் பயிற்சி பெற்றவர். பெற்றோர் சந்திப்பு நாளில் கைத்தடியோடு வகுப்பறைக்கு வந்து அமர்ந்து, "நட'ன்னு மனசுல நெனச்சவுடனே யாரோ பக்கத்துல நின்னு முட்டியைத் தூக்கிவிட்ட மாதிரி இருந்துச்சு, சார்" என்றார். மகன் தலைகுனிந்து சிரித்துக்கொண்டிருந்தான். அவனுடைய மதிப்பெண்ணைப் பற்றிப் பேச அன்று எங்கள் இருவருக்குமே மறந்துவிட்டது.

மறுவாழ்வில் இயந்திரத்தின் பெருமை அதன் அறிவில் இல்லை, சலிப்பின்மையில் இருக்கிறது. ஒரே அசைவை நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் செய்தால்தான் மூளை புதுத் தடம் போடும். எழுத்துப் பயிற்சி கொடுக்கும் முதலாம் ஆண்டு ஆசிரியர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இயன்முறைப் பயிற்சியாளர் இருவர் ஆளுக்கொரு காலைப் பிடித்து நடத்தினால், சில நிமிடங்களில் அவர்களுக்கே மூச்சு வாங்கும். இயந்திரத்திற்கு மூச்சு வாங்குவதில்லை.

ஆயினும் இதனை மந்திரக்கோல் என்று எண்ணிவிடக் கூடாது. பக்கவாத நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கோக்ரேன் அறிக்கைகள், நடைப்பயிற்சியில் வழக்கமான இயன்முறை மருத்துவத்தோடு இயந்திரமும் சேரும்போது துணையின்றி நடக்கும் வாய்ப்புக் கூடுகிறது என்கின்றன. அதிலும் முதல் மூன்று மாதத்திற்குள், நடக்கவே முடியாதிருப்பவர்களுக்கு. கைக்கு அத்தகைய நற்செய்தி இல்லை. பிரிட்டனில் 770 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2019-இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வில், இயந்திரத்தால் கைக்குப் பயிற்சி பெற்றவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் கையை மேலாகப் பயன்படுத்தினர் என்று காட்ட முடியவில்லை. முதியோர் இல்லங்களிலும் இதே கலவையான கதைதான். 'ஹக்' என்னும் தூக்கும் இயந்திரம், 'பாரோ' என்னும் கடல்நாய்க்குட்டி வடிவப் பொம்மை, 'பெப்பர்' என்னும் பேசும் இயந்திர மனிதன் ஆகிய மூன்றையும் சப்பானிய இல்லமொன்றில் உடனிருந்து கவனித்த ஜேம்ஸ் ரைட் என்னும் ஆய்வாளர் 2023-இல் ஒரு நூல் வெளியிட்டார். இயந்திரத்தை நகர்த்த, துடைக்க, முடுக்க, அதன் பக்கத்தில் நின்று கவனிக்க என்று பணியாளர்களுக்கு வேலை கூடிற்று என்பதே அவர் கண்டது. எங்கள் வீட்டு ஜாக்கித் தங்கையும் அறையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

என் மாணவனின் தந்தைக்குக் கிடைத்தது என் தாயாருக்குக் கிடைக்கவில்லை. காரணம் எளியது. சொக்சோ முதன்மையாகத் தன் சந்தாதாரர்களுக்கானது. தாயார் தோட்டத்தின் கடைசி ஆண்டுகளில் ஒப்பந்தக்காரரிடம் நாட்கூலியாக வெட்டினார். அக்கூலியிலிருந்து எவரும் எந்தச் சந்தாவும் கட்டவில்லை. பின்னர் வீட்டு வேலை. அகவையும் கடந்துவிட்டது. நம் தோட்டத்துப் பெண்களில் எத்தனையோ பேருக்கு இதே கதைதான். அவர்கள் உழைக்காமல் இருந்த நாள் இல்லை. உழைத்ததற்கு ஒரு துண்டுத் தாளும் இல்லை.

ஆதலால் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவே உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். சொக்சோ பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். லாரி, வாடகை வண்டி, பொருள் விநியோகம் என்று சொந்தமாகத் தொழில் செய்வோருக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தனித் திட்டம் உண்டு. இல்லத்தரசிகளுக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பர் முதல் நாள் நடப்புக்கு வந்தது. 55 அகவைக்கு உட்பட்ட பெண்கள் ஆண்டுக்கு 120 ரிங்கிட் கட்டிச் சேரலாம். உடல் மறுவாழ்வு வசதியும் அதன் பயன்களுள் ஒன்று. ஒரு தீபாவளிப் பட்டுச்சேலையின் விலையை நினைத்துப் பாருங்கள். ஆண்களே, உங்கள் மனைவியின் பெயரில் இதைக் கட்டியிருக்கிறீர்களா? நான் கட்டியிருக்கவில்லை. மனைவியின் முதுகு வலித்த பிறகுதான் கட்டினேன்.

விலையுயர்ந்த கருவி எல்லா வீட்டிற்கும் வராது என்பதும் உண்மை. இதற்கு ஒரு விடையைத் தமிழ்நாட்டில் தேடியிருக்கிறார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இத்துறையில் பழுத்த இடம். அங்கே பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். 1966-இல் அங்கே தொடங்கிய மறுவாழ்வு நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அதே வேலூர்க் கல்லூரியும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து 'புளூட்டோ' என்னும் சிறு கருவியை உருவாக்கியிருக்கின்றன. மேசைமேல் வைக்கத்தக்கது, ஒரே ஒரு மோட்டார். கைப்பிடிகளை மாற்றி மாற்றிப் பொருத்தினால் மணிக்கட்டு, விரல்கள், குமிழ் திருகும் அசைவு என ஒவ்வொன்றுக்கும் பயிற்சி தரும். பெரிய மருத்துவமனை ஒன்றில் பூட்டி வைக்கும் யானையைக் காட்டிலும் வீட்டுக்கு வீடு போகும் பூனை நமக்கு உகந்தது என்பது என் எண்ணம். நம் நாட்டுத் தொழில்நுட்பக் கல்லூரிகளில் பயிலும் நம் பிள்ளைகள் இத்திசையில் சற்றுத் திரும்பிப் பார்த்தால் நன்றாயிருக்கும்.

கால், கை பற்றி இத்துணை சொன்னேன். எங்கள் வீட்டில் பெருந்துயரம் அது அன்று. பேச்சு.

மூளையின் இடப்பக்கம் தாக்கப்படும்போது பலருக்குப் பேச்சிழப்பு நேர்கிறது. அறிவு கெடுவதில்லை; ஆளைத் தெரியும்; சொல்ல நினைத்தது மனத்தில் இருக்கும்; சொல் மட்டும் வராது. தண்ணீர் என்று கேட்கத் தெரியாத என் தாயார், தோட்டத்து மாரியம்மன் திருவிழாப் பாட்டை நான் எடுத்துக் கொடுத்தால் இரண்டடி தெளிவாகப் பாடினார். எங்களுக்கு உடல் சிலிர்த்தது. இது மருத்துவ உலகம் அறிந்த ஒன்றே. மனப்பாடமான பாட்டும் எண்ணும் வேறு தடத்தில் பதிந்திருக்கின்றன. அத்தடத்தின் வழியே பேச்சை மீட்க முயலும் இசைவழிப் பயிற்சி ஒன்றை 1970-களில் அமெரிக்காவில் வகுத்தார்கள். ஆனால் எந்தப் பாட்டு என்பதை எந்த இயந்திரம் அறியும்?

மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர் இளம் மலாய்ப் பெண். பொறுமைக்கு இலக்கணம். நம் நாட்டில் இத்துறைக்கான பட்டப்படிப்பு 1995-இல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, இன்னும் இளந்துறைதான். தமிழறிந்த பயிற்சியாளர் ஒருவரை நான் தேடாத இடமில்லை, கிடைக்கவில்லை. மருத்துவம், சட்டம், பொறியியல் என்று மூன்று கதவுகளையே தட்டிக்கொண்டிருக்கும் நம் பெற்றோர்கள் இந்த நான்காம் கதவையும் தம் பிள்ளைகளுக்குக் காட்டலாகாதா? பேச்சிழப்பைச் சோதிக்கும் படங்களும் பெரும்பாலும் வேற்று நிலத்துக்கானவை. உலகெங்கும் புழங்கும் போஸ்டன் சோதனையின் 60 படங்களுள் பனிக்கட்டி வீடும் பீவர் என்னும் விலங்கும் தண்ணீர்விட்டான் தண்டும் இருக்கின்றன. பக்கவாதம் வராத என் தாயாரிடம் காட்டியிருந்தாலும் அவர் விழித்திருப்பார்.

அந்தப் பயிற்சியாளர் இதனை நன்கு உணர்ந்திருந்தார். "உங்கள் அம்மா நாள்தோறும் தொட்ட பொருள்களின் படங்கள் வேண்டும். எனக்குத் தமிழ் தெரியாது, நீங்கள் ஆசிரியர்தானே, செய்யுங்கள்" என்றார். இருபத்தெட்டு ஆண்டுகள் பாடத்துணைப் பொருள் செய்தவனுக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாயிருந்தது. அன்றிரவே அட்டை வெட்டினேன். உளி, மங்கு, பால் வாளி, காண்டா, ஒட்டுப்பால், தீம்பார், பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை. உளிப் படத்தைக் கண்டதும் தாயாரின் இடக்கை தானாகச் சாய்வாக இழுத்தது. மரப்பட்டையில் பால் வெட்டும் அதே சாய்வு. நான்காம் வாரத்தில், மங்கு அட்டையைக் காட்டியபோது, "மங்கு" என்றார். முழுச்சொல். என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

செயற்கை நுண்ணறிவு இங்கே பெருந்துணையாக அமையக்கூடும். நாள் முழுதும் சலிக்காமல் படம் காட்டி, சொன்னதைக் கேட்டுத் திருத்தி, முதியவர் 'தண்ணி' என்று முனகினால் அடுத்த அறைக்கு அறிவிக்கும் கருவி ஒன்று வாராதா என்று ஏங்குகிறேன். என் திறன்பேசியில் பேச்சை எழுத்தாக்கும் வசதியை மலேசியத் தமிழுக்கு அமைத்துச் சோதித்துப் பார்த்தேன். நான் செய்தி வாசிப்பதுபோல் பேசினால் பிழையின்றி எழுதுகிறது. தாயார், "பசியாறல" என்றால் தடுமாறிப் போகிறது. 'பசியாறுதல்' நம் நாட்டுத் தமிழரின் காலைச் சொல். அதனோடு பக்கவாதத்தின் குழறலும், இடையிடையே பாசார், ரொட்டி என்னும் மலாய்ச் சொற்களும் சேர்ந்தால், கருவி கேட்டறியாத மொழி அது. இதில் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. எவர் குரலைக் கேட்டு அது கற்றதோ அவர்களின் தமிழே அதற்குத் தெரியும். நம் பாட்டிமாரின் குரலை அது கேட்டதில்லை, ஏனெனில் நாம் பதிவு செய்து கொடுக்கவில்லை.

பேராவில் 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. அவற்றில் பல தோட்டத்தில் பிறந்தவை. ஒவ்வொரு வகுப்பிலும் பால்மரம் வெட்டிய பாட்டியோ தாத்தாவோ உள்ள பிள்ளை ஒன்றிரண்டாவது இருக்கும். அவர்களின் சொற்களைக் குரலோடு சேர்த்துத் திரட்டலாம். அவர்களின் ஒப்புதலைப் பெற்றே செய்ய வேண்டும். நோயுற்றவரின் குரல் அவருடைய உடைமை, காட்சிப்பொருள் அன்று. 'காமன் வாய்ஸ்' போன்ற பொதுத் திரட்டில் தமிழுக்கு இடமிருக்கிறது. நலமாய் உள்ள முதியவர்கள் பேரப்பிள்ளைகளின் துணையோடு அங்கே வாசித்துக் கொடுக்கலாம். இதற்குக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை எதுவும் தேவையில்லை. (சுற்றறிக்கை வந்தால் படிவமும் வரும், அதை நான் விரும்பவில்லை.)

கடந்த தவணையில் என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம், வீட்டுப் பெரியவரிடம் பத்துத் தோட்டச் சொற்களைக் கேட்டுப் பதிவு செய்து வருமாறு சொன்னேன். பலர் செய்தார்கள். சிலர் தாயிடம் கேட்டு எழுதி வந்தார்கள், அதுவும் பரவாயில்லை. ஒரு மாணவன் மட்டும் வெறுங்கையோடு வந்து மேசையருகே நின்றான். "எங்க பாட்டிக்குப் பேச்சு வராது, சார். காது நல்லா கேக்கும்" என்றான். வகுப்பு முடிந்ததும் என் அட்டைப் பெட்டியை அவனிடம் கொடுத்து, எப்படிக் காட்ட வேண்டும், எத்துணை நேரம் காத்திருக்க வேண்டும், பாட்டிக்கு முன்னால் தானே முந்திக்கொண்டு ஏன் சொல்லக்கூடாது என்று விளக்கினேன். எடுத்துச் சென்று மூன்று கிழமைகள் ஆகின்றன. இன்னும் திருப்பிக் கொண்டு வரவில்லை. தாயாருக்கு நான் வேறொரு கட்டு வரைந்துகொண்டிருக்கிறேன்.